எலும்புக்கூடு அழகா, அவலட்சணமா?

தமிழில் அதற்கு எலும்புக்கூடு என்று பெயர். கூடு, பறவை கட்டுவது. உள்ளே ஓர் உயிர் குடியிருந்தது, இப்போது பறந்துவிட்டது என்ற கதை அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் புழங்கும் ‘ஸ்கெலிட்டன்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் மூலச்சொல்லுக்குக் காய்ந்து வற்றியது என்று பொருள். வடமொழியில் அஸ்திபஞ்சரம், பஞ்சரம் என்றால் கூண்டு. பொருள் ஒன்றுதான். ஒருவர் கண்ணுக்கு அது காலியான வீடு, இன்னொருவருக்கு வற்றல், மூன்றாமவருக்குச் சிறை.

பெயர் வைக்கும்போதே இத்தனை வேறுபாடு. அது அழகா, அவலட்சணமா என்று கேட்டால் ஒரே பதில் எப்படிக் கிடைக்கும்? சிலர் மண்டை ஓட்டை மோதிரத்தில் பதித்துப் போட்டுக்கொள்கிறார்கள். சிலருக்குப் பாடப்புத்தகத்தில் அந்தப் படம் இருக்கும் பக்கத்தைப் புரட்டவே கை கூசும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எலும்பைக் கண்டதும் ‘இது யார்?’ என்ற கேள்விக்கு மனம் சத்தமில்லாமல் ஒரு பதில் சொல்லிக்கொள்கிறது. அழகும் அருவருப்பும் அந்தப் பதிலுக்குப் பின்னால்தான் வருகின்றன.

கண்ணுக்குத் தெரிவது

வளர்ந்த மனித உடலில் பொதுவாக 206 எலும்புகள். அவற்றில் 106, அதாவது பாதிக்கும் மேல், இரண்டு கைகளிலும் இரண்டு பாதங்களிலும் மட்டுமே இருக்கின்றன. நுணுக்கமான வேலை நடக்கும் இடத்தில் சின்னச் சின்னத் துண்டுகள். பாரம் தாங்கும் தொடையில் ஒரே நீண்ட எலும்பு. இடமும் வலமும் ஒத்திருக்கும். விலாக்கள் மேலிருந்து விரிந்து வந்து கீழே மறுபடி குறுகும். பக்கவாட்டில் பார்த்தால் முதுகெலும்பு மெல்ல நெளிந்து இறங்கும். சமச்சீர், வளைவு, ஒரே வடிவம் சிறுத்துப் பெருத்துத் திரும்ப வருவது இவையெல்லாம் கோலத்திலும் கோபுரத்திலும் நம் கண் விரும்புகிற விஷயங்கள்தாம். என்னவென்று சொல்லாமல் ஒரு முதுகெலும்புக் கணுவைக் கையில் கொடுத்தால், பெரும்பாலானவர்கள் அதைக் கடற்சிப்பி போலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

1860களில் சூரிச்சில் கார்ல் குல்மான் என்ற பொறியாளர் அப்படித்தான் பார்த்தார். உடற்கூறு அறிஞர் ஹெர்மன் வான் மேயர், தொடை எலும்பின் தலைப்பகுதியை நெடுக்காக அறுத்து வைத்திருந்தார். உள்ளே நுண்ணிய எலும்பு இழைகள் வளைந்து வளைந்து ஒன்றையொன்று வெட்டிச் சென்றன. பாரம் தூக்கும் கிரேனில் விசை பாயும் கோடுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த குல்மானுக்கு அந்த வரிகள் பழக்கமானவையாகத் தெரிந்தன. பாரம் எந்த வழியில் இறங்குகிறதோ அந்த வழியில் எலும்பு தன்னைக் கட்டிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் இருந்தது ஓர் இறந்த மனிதரின் தொடைதான். அவருடைய மனம் சொல்லிய பதிலோ ‘இது ஒரு கட்டுமானம்’ என்பது. அப்படி ஒரு பதில் வந்துவிட்டால் அருவருப்புக்கு இடமில்லை.

சிக்கல் மண்டை ஓட்டில்தான் தொடங்குகிறது. நம் மூளை எதிலும் முகம் தேடும். மேகத்திலும் கார் முகப்பிலும்கூடக் கண்டுபிடித்துவிடும். மண்டை ஓட்டிலோ தேடவே வேண்டாம், அங்கே இருந்தது உண்மையான முகம். ஆனால் பாதிதான் மிச்சம். உதடு இல்லாததால் பல்வரிசை முழுவதும் வெளியே தெரிகிறது. அது நமக்குச் சிரிப்பாகப் படுகிறது. இமையும் புருவமும் போனதால் கண்குழிகள் அகன்று, விழித்துப் பார்ப்பதுபோல் இருக்கின்றன. சிரித்த முகம், ஆனால் எதற்குச் சிரிக்கிறது என்று தெரியவில்லை. பார்க்கும் கண்கள், ஆனால் பார்வை இல்லை. இந்த அரைகுறைத்தனம்தான் சிலருக்கு நடுக்கம், சிலருக்கு வேடிக்கை. உலகெங்கும் எலும்புக்கூட்டைக் கேலிச்சித்திரம் ஆக்குகிறவர்கள் பிடித்துக்கொண்டது இந்தச் சிரிப்பைத்தான்.

வெள்ளை நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயிருள்ள உடலில் எலும்பு பால்வெள்ளையாக இருப்பதில்லை. ரத்தம் ஓடுவதால் இளஞ்சிவப்பு ஏறியிருக்கும். அருங்காட்சியகத்தில் நாம் காணும் வெண்மை கொழுப்பு நீக்கி, வெளுத்து எடுத்தது. அதாவது நாம் ‘தூய எலும்பு’ என்று ரசிப்பதே ஒருவர் உட்கார்ந்து அலங்காரம் செய்து வைத்த ஒன்று.

ஈரம், உலர்வு

பிணத்தைக் கண்டு முகம் திருப்பும் பல சமூகங்கள் எலும்பைக் கண்டு திருப்புவதில்லை. இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் பிரெஞ்சு சமூகவியலாளர் ராபர்ட் எர்ட்ஸ். போர்னியோ தீவின் தயாக் மக்களுடைய சடங்குகளைப் பற்றிய குறிப்புகளை வைத்து 1907இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அங்கே இறந்தவருக்கு இரண்டு முறை சடங்கு. முதல் சடங்கு முடிந்து உடல் அழுகி உலரும் வரை உறவினர்களுக்குத் தீட்டு, கட்டுப்பாடு, அச்சம். இறந்தவரின் ஆவியும் எங்கும் போய்ச் சேராமல் அலைகிறது. சதை போய் எலும்பு மட்டும் மிஞ்சியதும் விருந்தோடு இரண்டாம் சடங்கு. எலும்பு தன் இடத்துக்குப் போகிறது, ஆவி முன்னோர்களிடம் போகிறது, உயிரோடு இருப்பவர்கள் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்புகிறார்கள்.

அச்சமூட்டுவது அந்த நடுவில் கிடக்கும் காலம்தான். ஈரமானது மாறிக்கொண்டே இருக்கும், நாறும், நோய் தரும். அருவருப்பு என்ற உணர்ச்சியே அழுகலிலிருந்து நம்மைத் தள்ளி நிறுத்துவதற்காக உருவானது என்று பல உளவியலாளர்கள் கருதுகிறார்கள். உலர்ந்த எலும்பு அந்த ஆபத்தைக் கடந்துவிட்டது. கிரேக்கர்களின் ‘காய்ந்து வற்றியது’ என்ற சொல் தொடக்கத்தில் எனக்குக் கடுமையாகத் தெரிந்தது; தயாக் கண்ணோட்டத்தில் அதுவே நல்ல செய்தி.

மடகாஸ்கரின் மேட்டுநிலங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பக் கல்லறையைத் திறந்து, முன்னோரை வெளியே எடுத்து, புதிய துணி சுற்றுகிறார்கள். ஃபமதிஹானா என்று அதற்குப் பெயர். வாத்தியம் முழங்கும், துணி சுற்றிய முன்னோரைத் தோளில் ஏந்தி ஆடுவார்கள். ‘எலும்பு அழகா?’ என்று அங்கே போய்க் கேட்டால் கேள்வியே புரியாது. பாட்டியின் கை அழகா என்று நாம் யாரையாவது கேட்போமா?

ஜப்பானில் தகனத்துக்குப் பிறகு உறவினர்கள் நீண்ட குச்சிகளால் எலும்புகளை எடுத்துக் கலசத்தில் இடுகிறார்கள். காலிலிருந்து தொடங்கித் தலையில் முடிப்பார்கள். உள்ளே இருப்பவர் தலைகீழாக இருக்கக் கூடாதல்லவா. இதில் ஓர் எலும்புக்குத் தனி மரியாதை. கழுத்தின் இரண்டாம் கணுவைத் ‘தொண்டைப் புத்தர்’ என்கிறார்கள். நிமிர்த்தி வைத்தால் உட்கார்ந்து தியானம் செய்கிற உருவம் போலவே இருக்கும். உடற்கூறு நூலில் அதே எலும்பின் படத்தைப் பாருங்கள்: மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முளையில்தான் தலை இடமும் வலமும் திரும்புகிறது என்று எழுதியிருக்கும். ஒருமுறை அந்தப் புத்தரைப் பார்த்துவிட்டால், பிறகு அந்தப் படத்தில் வெறும் முளை தெரியாது.

பெயர் தெரிந்த எலும்பு

ஆஸ்திரியாவில் மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஹால்ஸ்டாட் என்ற சிற்றூர். கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு. அதனால் புதைத்துச் சில ஆண்டுகள் கழித்து எலும்பை எடுத்துவிட்டு, அந்தக் குழியை அடுத்தவருக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. எடுத்த மண்டை ஓட்டை வெயிலில் வெளுக்க வைத்து, நெற்றியில் பெயரும் தேதியும் எழுதி, சுற்றிலும் இலையும் பூவும் வரைந்தார்கள். அங்கே இருக்கும் ஏறக்குறைய 1,200 மண்டை ஓடுகளில் 600க்கு மேற்பட்டவை இப்படி வரையப்பட்டவை. ஒரே குடும்பத்தினரைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கிறார்கள். இடப் பற்றாக்குறையில் பிறந்த அழகு இது. வறட்டுக் காரணம்தான், ஆனாலும் ரோஜா வரைய வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து ஃபொன்தனெல்லே குகையில் கிடப்பவையோ பெயர் தெரியாதவை. கொள்ளைநோயிலும் வறுமையிலும் இறந்தவர்களின் எலும்புகள். மக்கள் ஆளுக்கொரு மண்டை ஓட்டைத் தத்தெடுத்தார்கள். தூசி துடைத்து, மெருகேற்றி, சின்னப் பெட்டியில் வைத்து, பெயர் சூட்டி, அதன் ஆவிக்காக வேண்டிக்கொண்டார்கள். பதிலுக்கு அது தங்களுக்கு நல்லது செய்யும் என்று நம்பினார்கள். 1969இல் திருச்சபைத் தலைமை இந்த வழிபாட்டைத் தடை செய்தது. எனக்கு இதில் பிடித்தது, பெயரும் பாசமும் அழகும் சேர்ந்தே வருவது.

இது புதுப் பழக்கமும் இல்லை. பாலஸ்தீனத்தின் பழம்பெரும் ஊரான எரிக்கோவில் 1953இல் கேத்லீன் கென்யன் நடத்திய அகழாய்வில், ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய மண்டை ஓடுகள் கிடைத்தன. அவற்றின் மேல் சுதை பூசி மூக்கும் கன்னமும் வடித்து, கண்குழியில் சிப்பி பதித்திருந்தார்கள். போன முகத்தைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி. சிலை செய்யும் கலையே இப்படித் தொடங்கியிருக்குமோ என்று தோன்றும். அது என் ஊகம், அவ்வளவுதான்.

எச்சரிக்கையும் எகத்தாளமும்

எலும்புக்கூடு யாரோ ஒருவராக இல்லாமல் ‘சாவு’ என்பதன் அடையாளமாக மாறும்போது கதை வேறாகிறது. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு 1424–25இல் பாரிஸ் கல்லறைத் தோட்டம் ஒன்றின் சுவரில் பெரிய ஓவியம் எழுந்தது. போப், அரசர், வணிகர், உழவர் என வரிசையாக நிற்க, ஒவ்வொருவர் கையையும் ஓர் எலும்புருவம் பிடித்து ஆட்டத்துக்கு இழுக்கிறது. இந்த ‘மரண நடனம்’ அதன்பின் நாடு நாடாகப் பரவியது. 1538இல் லியோனில் அச்சான ஹான்ஸ் ஹோல்பைனின் மரச்செதுக்குப் படங்களில் அந்தச் சாவு நல்ல குறும்புக்காரன். யாரையும் மதிப்பதில்லை. அவலட்சணமாக வரைந்ததன் நோக்கம் அச்சுறுத்துவது. ஆனால் வரைந்தவருக்கு அதில் ஒரு கொண்டாட்டம் இருந்ததை மறைக்க முடியவில்லை.

மெக்சிகோவின் எலும்புச் சீமாட்டியை இன்று உலகமே அறியும்: பூ வைத்த பெரிய தொப்பி, பல் தெரியும் சிரிப்பு. அவளைச் செதுக்கியவர் ஹோசே குவாதலூப்பே போசாதா. அவர் இறந்தது 1913இல், படம் அதற்குச் சில ஆண்டு முந்தையது. தொடக்கத்தில் அது முழு நையாண்டி. பூர்வகுடிப் பிறப்பை மறைத்துக்கொண்டு ஐரோப்பியச் சீமாட்டி போலத் திரிகிறவர்களைப் பார்த்து, ‘தொப்பியைக் கழற்றினால் நீயும் எலும்புதான்’ என்கிற கிண்டல். முதல் படத்தில் தலையும் தோளும்தான். 1947இல் தியேகோ ரிவேரா தன் சுவரோவியத்தில் அவளுக்கு முழு உடலும் உடையும் கொடுத்து நடுநாயகமாக நிறுத்தினார். இப்போது நவம்பர் தொடக்கத்தில் வரும் இறந்தோர் நாள்களில் பெண்கள் அவளைப் போல முகத்தில் வரைந்துகொண்டு அழகாக இருக்கிறார்கள். கேலியாகத் தொடங்கியது அலங்காரமாக முடிந்தது. ‘மெக்சிகோக்காரர்களுக்குச் சாவென்றால் பயமே இல்லை’ என்று பலர் எழுதுவதை நான் நம்புவதில்லை. அழுகையும் அங்கே உண்டு. கூடவே சிரிக்க ஒரு வழி இருக்கிறது.

அதே நாட்டில் நடந்த இன்னொன்று. 1790இல் மெக்சிகோ நகரத்தின் நடுச்சதுக்கத்தைத் தோண்டியபோது கோட்லிக்கே என்ற அஸ்டெக் தாய்த்தெய்வத்தின் பெருங்கற்சிலை கிடைத்தது. பாம்புப் பாவாடை, கைகளும் இதயங்களும் கோத்த மாலை, அதன் நடுவில் மண்டை ஓடு. பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். பூர்வகுடி மக்கள் வந்து வணங்குவதையும் அதன் கோரத்தையும் பொறுக்க முடியாமல் மறுபடி புதைத்துவிட்டார்கள்! பின்னால் ஜெர்மன் அறிஞரும் பயணியுமான ஹும்போல்ட் கேட்டதற்காகத் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். இன்று அது தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தின் பெருமைக்குரிய சிலைகளில் ஒன்று. கல்லில் ஓர் உளி வேலைகூடக் கூடவோ குறையவோ இல்லை.

தமிழ் என்ன சொல்கிறது

நம் பேச்சுத் தமிழில் எலும்புக்கு நல்ல பெயர் இல்லை. ‘எலும்பும் தோலுமா ஆயிட்டான்’ என்றால் இரக்கம், ‘எலும்பை எண்ணிடலாம்’ என்றால் கேலி. ஆனால் இலக்கியத்தில் புகுந்தால் காட்சி மாறுகிறது. திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பத்துக் குறளில் நான்கில் எலும்பு வருகிறது. ‘அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு’ என்கிறது ஒன்று; உயிருக்கும் என்புக்கும் உள்ள தொடர்பே அன்புக்காகத்தான் என்கிறது அடுத்தது; எலும்பில்லாத புழுவை வெயில் காய்வதைச் சொல்கிறது இன்னொன்று; அன்பில்லாதவர் உடம்பு ‘என்புதோல் போர்த்த உடம்பு’ என்று முடிகிறது கடைசிக் குறள். வள்ளுவருக்கு எலும்பு தன்னளவில் அசிங்கமில்லை. கொடுத்தால் அது மேன்மை. அன்பில்லாமல் சும்மா போர்த்திக்கொண்டு திரிந்தால்தான் கோரம்.

காரைக்கால் அம்மையார் இன்னும் ஒருபடி மேலே போகிறார். புனிதவதி என்ற இயற்பெயர் கொண்ட அவரின் தெய்வத்தன்மையைக் கண்டு அஞ்சி ஓடிப்போன கணவன், பிறகு வேறு குடும்பத்தோடு வந்து காலில் விழுகிறான். அப்போது அவர் கேட்பதாகச் சேக்கிழார் பாடுவது: இவனுக்காகத் ‘தாங்கிய வனப்பு நின்ற தசைப்பொதி கழித்து’ எனக்குப் பேய்வடிவு வேண்டும். தசைப்பொதி! சதையால் ஆன மூட்டை. அழகு அதில்தான் நிற்கிறது, அதைச் சுமந்தது இன்னொருவருக்காக. சுமக்க ஆள் வேண்டாம் என்றதும் இறக்கி வைத்துவிடுகிறார். அடுத்த பாட்டில் ‘ஊனடை வனப்பை எல்லாம் உதறி எற்புடம்பே ஆகி’ நிற்கிறார். ‘இழந்து’ என்று சேக்கிழார் சொல்லவில்லை, ‘உதறி’ என்கிறார். ஈரத் துணியை உதறுவதுபோல.

அம்மையாரே தன்னைப் பேய் என்று சொல்லிக்கொண்டு, ஆலங்காட்டுப் பெண்பேயின் வற்றிய மார்பையும் எழுந்த நரம்பையும் குழிந்த வயிற்றையும் ஒளிக்காமல் பாடுகிறார். அவரை வார்த்த சோழர் கால வெண்கலச் சிற்பிகள் என்ன செய்தார்கள்? ஒட்டிய உடல், கையில் தாளம், முகத்தில் தன்னை மறந்த புன்னகை. பார்ப்பவர் முதலில் எலும்பைப் பார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் பாட்டைக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார். அந்தச் சிற்பங்களை அவலட்சணம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அழகு என்ற சொல்லும் கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கிறது.

சம்பந்தர் தன் முதல் பதிகத்திலேயே, வற்றல் ஓட்டைக் கலனாக ஏந்திப் பிச்சைக்கு வருகிறவனை ‘உள்ளம் கவர்கள்வன்’ என்கிறார். கையில் மண்டை ஓடு. ஆனாலும் மனத்தைத் திருடுகிறவன். கங்காளன் என்ற பெயரே எலும்புக்கூட்டைத் தாங்கியவன் என்று பொருள்படும்.

அறிவியலும் அழகிப் போட்டியும்

‘இதெல்லாம் நம்பிக்கை சார்ந்தது, அறிவியலில் எலும்பு எலும்புதான்’ என்று நினைத்தால் 18ஆம் நூற்றாண்டுக்குப் போய்வர வேண்டும். நெதர்லாந்தின் லெய்டனைச் சேர்ந்த உடற்கூறு அறிஞர் ஆல்பினஸ் 1747இல் வெளியிட்ட எலும்பு, தசைப் படங்கள் அவ்வளவு அழகு. பின்னணியில் மரங்கள், இரண்டு படங்களில் அக்காலத்தில் ஐரோப்பாவைச் சுற்றிவந்த கிளாரா என்ற காண்டாமிருகம்கூட மேய்கிறது. அவர் தேடியது குறையில்லாத மனிதக் கூட்டை. கிடைத்ததில் குறை இருந்தால் ஓவியத்தில் திருத்தலாம் என்பது அவர் முறை. ஆகவே அந்தப் படம் எந்த ஒரு மனிதருடையதும் ஆகாது. அது அவர் காலத்து ‘அழகான ஆணின்’ எலும்பு.

1759இல் பிரான்சில் மதாம் தார்கொன்வில் மேற்பார்வையில் வெளிவந்த பெண் எலும்புக்கூட்டின் படம் இன்னும் சுவாரஸ்யமானது. மண்டை சிறியது, இடுப்பு அகலம், விலாக்கூடு ஒடுங்கியது. அக்காலப் பெண்கள் இறுக்கிக் கட்டிய உள்ளாடை விலாவையே நெரித்திருக்கலாம்; அல்லது வரைந்தவர் மனத்திலேயே அந்த இறுக்கம் இருந்திருக்கலாம். 1796இல் ஜெர்மனியின் சோமரிங் இன்னொரு பெண் கூட்டை வரைந்தபோது, வீனஸ் சிலைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். ஆம், எலும்பைச் சிலையோடு! ஆனாலும் பலருக்குத் தார்கொன்வில் படமே பிடித்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோவின் ஜான் பார்க்லே, ஆண் கூட்டின் பக்கத்தில் குதிரையையும் பெண் கூட்டின் பக்கத்தில் நெருப்புக்கோழியையும் நிறுத்தினார். சிறு தலை, அகன்ற இடுப்பு, நீண்ட கழுத்து. பொருத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. தோலையும் சதையையும் உரித்துவிட்டால் சமூகத்தின் அழகுக் கணக்கு விட்டுப்போகும் என்று நாம் எண்ணுவோம். அது எலும்பு வரை இறங்கியிருந்தது.

ஒரே ஊரில், ஒரே வீட்டில்

பண்பாடு மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. சீனாவின் சோங் காலத்து ஓவியர் லி சோங் பட்டில் வரைந்த சிறு ஓவியம் ஒன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு பெரிய எலும்புக்கூடு தரையில் உட்கார்ந்து, நூலில் கட்டிய சின்ன எலும்புக்கூட்டைப் பொம்மலாட்டம் ஆட்டுகிறது. எதிரே ஒரு குழந்தை ஆசையோடு கை நீட்டித் தவழ்கிறது. அதன் பின்னால் ஒரு பெண் பதறிப்போய்த் தடுக்கக் கை நீட்டுகிறாள். பெரிய எலும்புக்கூட்டின் பின்னால் இன்னொருத்தி, தன் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள். ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முந்தைய இந்தப் படத்துக்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது மூன்று பேர், ஒரே காட்சி, மூன்று முகபாவம். ஒருத்தியைப் பதற வைப்பதை இன்னொருத்தி பார்த்துப் பழகிவிட்டாள். குழந்தைக்கோ இன்னும் யாரும் பயப்படக் கற்றுக்கொடுக்கவில்லை.

பழக்கம் பெரிய விஷயம். முதல் நாள் எலும்பைத் தொடத் தயங்கிய மருத்துவ மாணவர் மூன்றாம் மாதத்தில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தூங்கிப்போவார். எலும்பு மருத்துவர் ஒருவர் நேராகக் கூடிய முறிவைப் பார்த்து ‘அழகா சேர்ந்திருக்கு’ என்பார், மனதாரச் சொல்வார்.

அது தன் எலும்பாக இருந்தால்? 1895 நவம்பர் 8இல் ஜெர்மன் இயற்பியலாளர் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். அதே ஆண்டு டிசம்பரில் மனைவி அன்னா பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகள், ஒன்றில் மோதிரம் கருப்பாக. அதைப் பார்த்து அன்னா ‘என் சாவையே பார்த்துவிட்டேன்’ என்றதாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டே அந்தப் படங்களின் மீது மோகம் பிறந்தது. தங்கள் கையை இப்படிப் படமெடுத்துக்கொள்ள ஆட்கள் ஆசைப்பட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் மணிக்கட்டு பிசகியபோது நானும் அந்தக் கருநீலப் படத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன். எட்டுச் சின்ன எலும்புகள் கூழாங்கற்கள் போல ஒட்டி உட்கார்ந்திருந்தன. பயம் வரவில்லை. இத்தனை நாள் விசாரிக்காமல் விட்டுவிட்டோமே என்ற சங்கடம்தான் வந்தது.

எல்லா எலும்பையும் இப்படிச் செல்லமாகப் பார்க்க முடியாது. உயிரோடு இருக்கும்போதே தெரியும் எலும்பு, பஞ்சத்தில் அடிபட்டவரின் விலா, எந்தப் பண்பாட்டிலும் அழகாகாது. அங்கே எலும்பு ஓர் அடையாளமோ முன்னோரோ கிடையாது. அது இன்னொருவர் செய்த குற்றத்தின் தடயம். லாகூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் காந்தாரச் சிற்பமான பட்டினிப் புத்தர் இதற்கு விதிவிலக்கு போலத் தெரியும். விலா விலாவாக, நரம்பு நரம்பாக எண்ணக்கூடிய உடல். ஆனால் பார்த்தவர்கள் அழகு என்கிறார்கள். வேறுபாடு, அந்தப் பட்டினியை அவரே மேற்கொண்டார், அவரே கைவிட்டார் என்பது நமக்குத் தெரியும் என்பதில் இருக்கிறது.

இந்த விருப்பம், சம்மதம் என்ற விஷயம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எலும்புகளுக்கும் பொருந்தும். உலகத்தின் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றுக்கு எலும்புக்கூடுகள் பல காலம் இந்தியாவிலிருந்துதான் போயின. 1985இல் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. அழகாக வெளுத்துக் கம்பியில் கோத்த அந்தக் கூடுகளில் எத்தனை பேரிடம் யாராவது அனுமதி கேட்டிருப்பார்கள்? 1904–1908இல் நமீபியாவில் நடந்த இனப்படுகொலையின்போது கொண்டுபோன மண்டை ஓடுகளில் சிலவற்றை ஜெர்மனி 2011இல் திருப்பிக் கொடுத்தது. நூறாண்டு அலமாரியில் ‘மாதிரி’யாக இருந்தவை, விமானத்தைவிட்டு இறங்கியபோது தாத்தாக்களாகவும் பாட்டிகளாகவும் இருந்தன. செக் நாட்டின் செட்லெக் தேவாலயத்தில் 1870இல் எலும்புகளாலேயே தொங்குவிளக்கும் குலச்சின்னமும் செய்துவைத்தார்கள். பார்க்க வருகிறவர்களின் அட்டகாசம் பொறுக்காமல், 2020இலிருந்து அனுமதியின்றிப் படமெடுக்கக் கூடாது என்றார்கள்.

ஹால்ஸ்டாட்டில் வரைந்து அடுக்கும் பழக்கம் இப்போது ஏறக்குறைய நின்றுவிட்டது, தகனம் வந்துவிட்டது. ஆனால் அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர், தன் மண்டை ஓடும் அங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். 1983இல் இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1995இல் எடுத்து, வெளுத்து, வரைந்து மற்றவர்களோடு வைத்தார்கள். வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது அதுதான். அதன் பல்வரிசையில் ஒரு தங்கப்பல் இருக்கிறது.